முப்பத்தேழாயிரம் மிச்சம்

...சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க, பேசிட்டேன். முன்வரிசையில ரெண்டு பேர் கண்ணை மூடிக் கேட்டுட்டிருக்கீங்க, சந்தோஷம். இப்ப ஒரு சின்னச் சங்கதி சொல்றேன். இதுக்குத் தூக்கம் வராது... பக்கத்துல இருந்து பார்த்த எனக்கே பல நாள் வரலை.

என் சிநேகிதன் நாச்சிமுத்து. இதே திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பேரம் பேசறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. கீரைக்கட்டுக்குப் பேரம். ஆஸ்பத்திரியில, "ரெண்டு ஊசியாப் போட்டா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு கேட்ட ஆள்.

கம்பெனியில ஆர்டரே இல்லாத ஒரு வருஷம், இவனுக்கு கிரெடிட் கார்டு பாக்கி அறுபத்திரண்டாயிரம் ஆகிப்போச்சு. தினம் போன். பயந்துபோய் ஒரு அறிவாளிகிட்ட யோசனை கேட்டான். அறிவாளி என்ன சொன்னான்?

"மாப்ள, நாலு மாசம் போனை எடுக்காத. அவனே இறங்கி வருவான்."

அந்த அறிவாளி யாரு? ...மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கறானே, இவன்தான்.

சொன்ன மாதிரியே பேங்க் இறங்கி வந்தது. "ஒரே தடவையா இருபத்தஞ்சு கட்டுங்க, முடிச்சுக்கலாம்." கட்டினான். முப்பத்தேழாயிரம் மிச்சம். அன்னிக்கு எனக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். ரெண்டு பிளேட் தின்னுட்டு, "பேங்க்கையே பேரத்துல கவுத்தவன்டா நீ"ன்னு பட்டமும் கொடுத்தேன்.

அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. நல்லூர்ப் பக்கம் ஒரு வீடு அமைஞ்சுது. ரெண்டு லட்சம் அட்வான்ஸ். மூணு மாசத்துல மீதியைக் கொடுத்துக் கிரயம் பண்ணணும், தவறினா அட்வான்ஸ் திரும்பி வராது. அப்படித்தான் அக்ரிமென்ட். அந்த ரெண்டு லட்சம் எது? அவன் சம்சாரம் வளர்மதி, ஆரத்தையும் வளையலையும் வித்துக் கொடுத்த காசு. மீதிக்கு வீட்டுக்கடன் எழுதிப் போட்டான்.

பேங்க் மேனேஜரம்மா கம்ப்யூட்டரை இவன் பக்கம் திருப்பினாங்க.

"சிபில்னா கடனை ஒழுங்காக் கட்டறதுக்குப் போடற மார்க்குங்க, தொள்ளாயிரத்துக்கு. உங்களுது ஐநூத்தி எண்பத்திநாலு. எழுநூறுக்குக் கீழ நாங்க தர முடியாதுங்க."

"நான் யாருக்கும் பாக்கி இல்லீங்களே மேடம்?"

"கார்டுக் கடனைக் குறைச்சுக் கட்டி முடிச்சிருக்கீங்க. அது அப்படியே பதிவாகியிருக்கு. முழுசாக் கட்டாத ஆளுன்னு அர்த்தம்."

ஜெயிச்சுட்டோம்னு அஞ்சு வருஷம் மீசையை முறுக்கிட்டிருந்தான்... அவன் தோத்தது அவனுக்கே தெரியலை.

நேரா என் வீட்டுக்கு வந்தான். உட்காரலை. தண்ணி கொடுத்தேன், குடிக்காமக் கீழ வச்சுட்டான். "இன்னும் அம்பது நாள்தான்டா இருக்கு. வளருக்கு என்ன பதில் சொல்லுவேன்? நீயே ஒரு வழி சொல்லு."

என் ஐம்பத்தோரு வருஷத்துல, யோசனை கேட்டும் நான் சும்மா இருந்தது அன்னிக்கு ஒருநாள்தான்.

அப்புறம் யாரோ சொல்லி ஒரு ஏஜென்ட்டைப் பிடிச்சான். "பதினஞ்சாயிரம் குடுங்ணா, ஏழே நாள்ல பழைய பதிவை அழிச்சுடறேன்." நாச்சிமுத்து என்ன பண்ணினான்? பேரம் பேசினான். பதினஞ்சு எட்டாச்சு. எட்டாயிரமும் போச்சு, ஏஜென்ட் நம்பரும் போச்சு. இன்னும் நாப்பத்தொரு நாள்.

அதுக்கப்புறம்தான் வளர்மதிகிட்டச் சொன்னான். சுவரைப் பார்த்துட்டே சொன்னானாம். அந்தம்மா அழும், கத்தும்னு எதிர்பார்த்தான். அழலை. கத்தலை. ஒரே ஒரு கேள்வி.

"அந்த முப்பத்தேழாயிரம் யாருதுங்க?"

"...பேங்க்காரனுது."

"அப்பக் கொண்டுபோய்க் குடுங்க."

ரெண்டு பேரும் சொந்தக்காரங்ககிட்டக் கடன் வாங்கிட்டுப் போனாங்க. கார்டு கொடுத்த பேங்க்ல இருந்தவருக்கு ஆச்சரியம். "முடிஞ்ச கணக்குங்களே. நான் வந்ததுல இருந்து யாரும் திரும்ப வந்து கட்டினதில்லை. ஏதாச்சும் குறைச்சுக்கணுமா?" நாச்சிமுத்துக்கு வாய் தானாத் திறந்துச்சாம். வளர்மதி அவன் கையைப் பிடிச்சு அமுக்கிச்சாம். முழுசாக் கட்டி, பாக்கி எதுவும் இல்லைன்னு கடிதம் வாங்கினாங்க. பதிவு மாற ஒரு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க.

அந்த ஒரு மாசம்... தினம் காலையில போனைத் திறப்பான். நம்பர் வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்குவான். ஐநூத்தி எண்பத்திநாலு. மறுநாள்? அதேதான். அதுக்கு மறுநாள்? அதேதான். சாப்பாடு இறங்கலை. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டான்.

கெடு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, அறுநூத்தி நாப்பத்தொண்ணு. மேனேஜரம்மா சொன்னாங்க: "ஏறுதுங்க. சின்னப் பொருள் ஏதாவது தவணையில வாங்கி, தேதி தவறாமக் கட்டுங்க. ஆறேழு மாசத்துல பார்க்கலாம்."

ஆறேழு மாசமா? கையில இருக்கிறது ரெண்டு நாள்.

வீட்டை விக்கறவர் ரிட்டயர்டு கண்டக்டர், வடிவேலவன்னு பேரு. அவர் முன்னாடி போய் நின்னு நடந்ததையெல்லாம் சொன்னான். அவர் உள்ள போய் அக்ரிமென்ட்டை எடுத்துட்டு வந்தார்.

"அக்ரிமென்ட்படி உன்ற அட்வான்சு எனக்குத்தான். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"எட்டு மாசம் தர்றேன். விலை அறுபதாயிரம் கூட. அதுக்கும் தவறினா இந்த வாசப்படி ஏறாத."

ஊசிக்குப் பேரம் பேசினவன்... "சரிங்க"ன்னான்.

ஒரு மிக்ஸியைத் தவணையில வாங்கினான். சம்பளம் வந்ததும் முதல் காசு அதுக்குத்தான். ஏழாவது மாசம் எழுநூத்தி ஆறு. கடன் கிடைச்சுது, வீடு கிடைச்சுது. மிச்சம் பிடிச்ச முப்பத்தேழாயிரத்தைத் திருப்பிக் கட்டினதுக்கு மேல, அறுபத்தெட்டாயிரம் தண்டம். சிரிப்பு இன்னும் முழுசாத் திரும்பலை.

நண்பர்களே, இங்க எத்தனை பேர் உங்க சிபில் நம்பரைப் பார்த்திருக்கீங்க? ரெண்டு நிமிஷம்தான் ஆகும். போனை எடுங்க... எடுங்க, நான் காத்திருக்கேன்...

ஒருத்தரும் எடுக்கலை. சிரிச்சுட்டிருந்தவங்களும் நிறுத்திட்டீங்க. இந்தப் பயத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். கடனைக் குறைச்சுக் கட்டினா அது ஜெயிப்பு இல்லை, பாக்கியைத் தள்ளி வச்சிருக்கோம், அவ்வளவுதான். கெட்ட பேரை ஏழு நாள்ல எவனும் துடைச்சுத் தர மாட்டான். முழுசாக் கட்டணும். மாசா மாசம் கட்டணும். காத்திருக்கணும். அதுக்கு முதல்ல, பார்க்கணும்.

தனியாப் பார்க்க பயமா இருக்கா? வீட்டுல இருக்கறவங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பாருங்க. போன வாரம் நானும் என் சம்சாரமும் அப்படித்தான் பார்த்தோம். நம்பரை இங்க சொல்ல மாட்டேன்... எங்க வீட்டுலயே இன்னும் நாங்க ரெண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கலை.