குச்சியில் ஒன்றும் வளரவில்லை

கோழிக்குச் சீக்கு வந்தால் அது நிற்கிற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிடும், டாக்டரம்மா. கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் பாதி மூடும். தீவனம் காலடியில் கிடந்தாலும் தலை குனியாது. அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே பிடித்து வெளியே எடுத்துவிடுவேன். என் கோழிப்பண்ணையை வைத்துத்தான் பெரியவளைக் கட்டிக்கொடுத்தேன், சின்னவளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தீர்கள். சின்னவள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, என் மூக்குல ஒருத்தன் வாடகை குடுக்காம குடியிருக்கான். பாதி மருந்துக்கு அவன் சாகவே மாட்டான்."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"சளி?"

"ஒண்ணும் இல்லப்பா. என்னை ஒண்ணும் பண்ணாது. பச்சக் குழந்தைங்ககிட்ட போனாத்தான் ஆபத்து."

"உன்னை ஒண்ணும் பண்ணாததுக்குப் பேரு சீக்கா? உங்க வாத்தியாருங்களுக்கு வேற வேல இல்ல."

கோழித் தண்ணீரில் நான் கலக்கிற பொடியை எடுத்துக் காட்டினாள். "சீக்கு இல்லாத கோழிக்கு எதுக்குப்பா மருந்து? இதையே தின்னுத் தின்னு கிருமிக்குத் தோலு தடிச்சுப் போச்சு. எனக்கு இங்கேருந்துதான் ஒட்டியிருக்கும்."

பொடி போட்டால் கோழி எடை ஏறும். அந்த எடைதான் அவள் படிப்பு. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

மூக்கில் தடவ மருந்து கொடுத்தீர்கள். தடவிவிட்டு மறுபடி ஒரு குச்சி எடுத்துவா, அது சுத்தம் என்று வரும் வரை குழந்தைகள் வார்டுக்குள் கால் வைக்காதே என்றீர்கள். அந்தச் சமயத்தில்தான் பெரியவளுக்கு உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாதம் நிறையாமல் பிரசவம் ஆனது. முன்னால் இரண்டு கலைந்து போயிருந்தன. இது உயிரோடு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி கிடந்தது.

பெரியவள் நடைவழியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவள உள்ள விடச் சொல்லுங்கப்பா. நம்ம ஆளு ஒருத்தி பக்கத்துல இருந்தா நான் கொஞ்சம் கண்ணு மூடுவேன்."

எனக்கும் அந்த நினைப்புத்தான். சம்பளத்துக்கு வருகிறவர்களை நான் நம்புகிறவன் இல்லை. ஆயா ஒருத்தி கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சின்னவள் காலையில் எழுந்ததும் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, குழாயில் போட்டு மூடி, அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றைக்குக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி. அடுப்பில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. நான் குச்சியை உருவி அந்தக் கொதிதண்ணீரில் முக்கினேன். ஊசிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வைத்தேன். ஆறவிட்டுத் திரும்பக் குழாயில் செருகினேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

சுத்தம் என்று வந்தது. சின்னவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "இனிமே உன் புள்ளைக்கு நான்தான் காவல். நீ போய் குறட்டை விடு." முழங்கை வரை சோப்புப் போட்டுத்தான் உள்ளே போவாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விடுவாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொள்ளும். குனிந்து என்னவோ பேசுவாள்.

பிறகு ஒருநாள் அது விரலைப் பிடிக்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. நிற்கிற நிற்பிலேயே தெரியும் என்றேனே, அது படுத்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் ஆட்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். சின்னவள் வெளியே வந்து சுவரோடு சாய்ந்தாள். "எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதுப்பா."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஒரு கோழி அளவுகூடக் கனம் இல்லை. பெரியவள் அந்த ஆயாவைப் பார்த்து, "உன் அழுக்குக் கைதான்டி" என்று கத்தினாள். நான் பக்கத்தில் நின்று, ஆமாம், நானும் பார்த்தேன் என்றேன். ஆயாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் என்னிடம் வந்து, "ஐயா, உங்க பேரனை நான் ஒருநாளும் தொடவே இல்லையே" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சின்னவள் கேட்டாள்.

"அப்பா, நான் சுத்தம்தானே? குச்சியில ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?"

"சுத்தம்தாம்மா. நீ போய் வேலையப் பாரு."

போனாள். பேரன் இருந்த பெட்டிக்கு அடுத்த பெட்டியும் காலியானது. அந்தத் தகப்பன் நடைவழியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். "நல்லா இருங்க பெரியவரே" என்றான்.

யாருடைய மூக்கிலும் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யுமாம். உங்கள் பெண்ணுடைய குச்சியில் மட்டும் ஒன்றுமே வளரவில்லை, அது எப்படி என்று இப்போது கேட்கிறீர்கள். ஏதாவது வளர்ந்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொதிதண்ணீரிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருப்பேன்.

ஆமாம், நான்தான் முக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆயாவைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஆனால் சின்னவளிடம் சொல்லாதீர்கள். அக்காவின் பிள்ளையைத் தன் கையாலேயே அனுப்பினோம் என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள். இது தெரிந்தால் பெரியவள் இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது சின்னவள்தான். அவளை அந்த வார்டிலிருந்து எடுக்கப் போவதாகச் சொல்கிறீர்களே, அதுவும் வேண்டாம். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருடைய குழந்தையையோ ஏந்திக்கொண்டு நிற்கிறாள், நீங்களே பாருங்கள். கழுத்து நிமிர்ந்திருக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது. ஆயுள் பூராவும் பார்த்தவன் சொல்கிறேன், என் பெண்ணுக்கு ஒரு சீக்கும் இல்லை.