மூன்றாவது ஜோடிச் செருப்பு

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். தொடர் கொலைகாரர்களைத் துரத்திப் பிடிக்கும் அந்தத் துப்பறியும் தொடர் டிவியில் வரும் நேரம் அது. பத்தொன்பது வருடங்களாக வருகிறது. ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்லை. கொலைகாரன் யார் என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். என் மனைவி நெனித்தா மீனைக் கழுவிக்கொண்டே, "உங்களப் போயி எழுத்தரா உக்கார வெச்சுட்டானுங்களே, பாவிங்க," என்று கிண்டலடிப்பாள்.

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் கரும்புக் காடுகளுக்கு நடுவே சிறிய ஊர் எங்களுடையது. அதன் காவல் நிலையத்தில் இருபத்தாறு வருடம் புகார்ப் பதிவேடு எழுதினேன். காணாமல் போன பன்றி, சேவல் சண்டையில் கைகலப்பு. அதற்கு மேல் எதுவும் நடக்காது.

பிப்ரவரியில், துணி துவைக்கப் போன ஒரு பெண் ஆற்றில் பிணமாக மிதந்தாள். ஏப்ரலில் ஓர் ஆசிரியை. இரண்டு முறையும் செருப்புகள் கரையில் ஜோடியாக, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தன. அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான். நிலைய அதிகாரி துப்பாஸிடம் போய்ச் சொன்னேன்.

"மனோங், தண்ணியில எறங்குறவங்க செருப்பக் கழட்டி வெச்சுட்டுத்தானே எறங்குவாங்க?" என்றார். வயதில் சிறியவர், அண்ணன் என்று மரியாதையாகத்தான் அழைத்தார். "மொதப் பொம்பளைக்கு வலிப்பு. டீச்சருக்கு நீச்சல் தெரியாது. நீங்க டிவியக் கொஞ்சம் கொறைங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை.

ஆனால் ஒருவன் வெளியே திரிகிறான் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? இரண்டு சாவை ஒருவன் கைவரிசை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்று என்றால் ஒப்புக்கொள்வார்கள். அவனே மூன்றாவதைச் செய்யட்டும் என்று காத்திருப்பது பொறுப்பில்லாத காரியமாக எனக்குப் பட்டது.

எஸ்தெலா ஆற்று நத்தை பொறுக்கி விற்பவள். எங்கள் வீட்டுக்கும் கொண்டுவருவாள். ஜூனில் ஒரு காலை, அவள் முழங்கால் தண்ணீரில் குனிந்திருந்தபோது பின்னால் போய் நின்றேன். "பேண்ட்டு நனையுது பாருங்க, மனோங்," என்று சிரித்தாள். அதிக நேரம் ஆகவில்லை. அவள் வெறுங்காலில் நடப்பவள் என்பதால் சந்தையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன். அதைக் கரையில் ஒழுங்காக வைத்தேன். நத்தை விற்பவளின் காலை யார் பார்த்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு எல்லாம் மாறியது. நகரத்திலிருந்து தனிப்படை வந்தது. துப்பாஸ் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பதினோரு நாள் நான் பேசினேன், அவர்கள் குறிப்பெடுத்தார்கள். வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்; நெனித்தாவுக்கே ஆச்சரியம்.

பன்னிரண்டாம் நாள் எஸ்தெலாவின் மகள் நிலையத்துக்கு வந்தாள். "எங்கம்மா பொறந்ததுலேருந்து செருப்பே போட்டதில்ல சார்," என்றாள். செருப்புக் கடைக்காரி என்னைக் கைகாட்டினாள்.

எஸ்தெலாவைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தது நான்தான். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதோடு கோப்பை மூடப் பார்க்கிறீர்கள், அது தவறு ஐயா. மற்ற இருவரையும் கொன்றவன் இன்னும் வெளியில்தான் இருக்கிறான். என்னை உள்ளே வைத்துவிட்டால், அவனைத் தேட வேறு யார் இருக்கிறார்கள்?