நன்றி, கவனத்தில் எடுத்துள்ளேன்

நன்றி சொல்வது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். பஸ்ஸில் ஒதுங்கி இடம் தருபவருக்கும் சொல்வேன், தராதவருக்கும் சொல்வேன். ஆகவே நான் செய்ததில் பெரும்பகுதி மரியாதைதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தையும் ஒழுங்காகச் சொல்கிறேன். ஏதாவது விடுபட்டால் அது மறதி, கள்ளம் அல்ல. அப்படித்தான் நினைக்கிறேன்.

கிளிநொச்சியில் மாலை நேரக் கணினி வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். எங்கள் ஆசிரியர் விஜிதரன் சேர் எங்களைக் கொண்டு விவசாயிகளுக்கு ஒரு செயலி செய்வித்தார். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று செயலி போனில் சொல்லும். அந்த நாட்களைக் கணிக்கும் பகுதியை எழுதியவன் நான், நிருஷன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சோதிப்பார். பிழை கண்டால் அதை இணையத்தில் உள்ள ஒரு பட்டியலில் பதிய வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். பட்டியலை வகைபிரித்து வைப்பதும் என் பொறுப்பு. எனக்கு ஒழுங்கு அதிகம் என்று சேர் சொன்னார்.

யாருடைய பகுதியில் பெரிய பிழை இல்லையோ அவருக்கு வவுனியாவில் ஒரு கம்பனியில் பயிற்சி இடம். ஒரேயொரு இடம்.

நூற்றேழாம் பிழையைப் பதிந்தவள் றிஸ்மியா. வகுப்புக்கு முல்லைத்தீவிலிருந்து வருபவள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு தோளில் பையை மாட்டிக்கொண்டே தட்டச்சு செய்வாள். “கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் நாளை ஒரு நாள் பிந்திக் காட்டுகிறது” என்று எழுதியிருந்தாள். மூன்று தரம் சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி.

நான் அதை அழிக்கவில்லை. இதைக் கவனிக்கவேண்டும். சிறு பிழைகளுக்கான ‘எழுத்தும் நிறமும்’ என்ற வகைக்குள் போட்டேன். திகதியும் எழுத்தில்தானே தெரிகிறது. தலைப்பு நீளமாக இருந்தது. நீளமான தலைப்புகள் பட்டியலின் அழகைக் கெடுக்கும். ‘திகதியின் தோற்றம்’ என்று சுருக்கினேன்.

பட்டியலில் யாராவது கடைசியாகக் கைவைத்த பிழைதான் மேலே நிற்கும். பக்கத்துக்கு இருபது. எங்கள் வகுப்பு இணையத்தில் இரண்டாம் பக்கம் திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம் என்பதால் சேர் முதல் பக்கத்தோடு எழுந்துவிடுவார். ஆகவே வேறு இருபது பிழைகளின் கீழும் “நன்றி, கவனத்தில் எடுத்துள்ளேன்” என்று எழுதினேன். நூற்றேழு தானாகவே இரண்டாம் பக்கத்துக்குப் போனது. சந்தேகம் என் குணம். அடுத்தடுத்த மாலைகளிலும் எழுதினேன்.

“மச்சான், நீ பிழைக்கே வணக்கம் வைக்கிற ஆளடா,” என்று பக்கத்தில் இருந்த கோகுலன் பகிடி பண்ணினான். அவனுக்கும் நன்றி சொன்னேன்.

திருத்தும் எண்ணம் இருந்தது. என் நாட்குறிப்பில் ஒன்பது நாட்கள் தொடர்ந்து ‘நாளை திருத்தவும்’ என்று இருக்கிறது. ஆனால் திருத்தினால் என்ன பிழை, யாருடையது என்பதும் பதிவாகும். பத்தாம் நாள் வவுனியா இடம் எனக்குக் கிடைத்தது. பதினோராம் நாள் செயலி விவசாயிகளின் போனுக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து, கடைசி வாய்க்காலில் வயல் செய்யும் அன்னபாக்கியம் அக்கா வகுப்புக்கு வந்தார். கதிரை கொடுத்தேன். அவர் அதில் உட்காரவில்லை.

“உங்கட போன் சொன்ன நாளிலதான் தம்பிமார், மண்வெட்டியோட போனனான். வாய்க்காலுக்குள்ள ஆட்டுக்குட்டி படுத்திருக்குது. தண்ணி முதல்நாளே வந்து போயிட்டுதாம்.”

முறை தவறினால் அடுத்தது பத்து நாளுக்குப் பிறகுதான். நெல் குடலைப் பருவத்தில், கதிர் உள்ளே திரண்டு நின்ற நேரம். அவருடையதோடு பதினான்கு பேரின் வயல்களில் பாதிக்குப் பாதி பதர்.

“எழுதிறவன் பிழை விடுவான். பிடிக்கத்தான் சோதிக்கிற ஆள். கடைசி வாய்க்காலைச் சோதிச்சது ஆர்?” என்றார் சேர்.

“நான்தான் சேர். நான் பதிஞ்சனான்,” என்றாள் றிஸ்மியா.

“எங்க பிள்ளை, காட்டும் பாப்பம்.”

தேடும் பெட்டி தலைப்புகளை மட்டுமே பார்க்கும். றிஸ்மியா ‘தண்ணீர்’ என்று தேடினாள். இல்லை. ‘வாய்க்கால்’ என்று தேடினாள். இல்லை. முதல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினாள். அங்கே முழுவதும் என் நன்றிகள்.

“பதிஞ்சனான் எண்டுதான் நினைச்சன் சேர். பஸ்ஸுக்கு ஓடின அவசரத்தில அனுப்பாமல் விட்டிட்டனோ தெரியாது.” பிறகு அன்னபாக்கியம் அக்காவைப் பார்த்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. என்ர பிழை,” என்றாள்.

பஸ் தரிப்பிடம் வரை அவளோடு நடந்துபோனேன். ஆருக்கும் நடக்கிறதுதான், மனதில் வைக்காதே என்றேன். “நீங்கள் ஒராள்தான் என்னை ஏசேல்லை, நிருஷன் அண்ணா. நன்றி,” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

இப்போது நான் வவுனியாவில். பட்டியல் இன்னும் என் பொறுப்பில்தான். மனச்சாட்சி உள்ளவன் என்பதால் இந்த வாக்குமூலத்தை இருநூற்றுப் பன்னிரண்டாம் பிழையாக அதே பட்டியலில் பதிகிறேன். வகை, எழுத்தும் நிறமும். தலைப்பு, ‘சிறு திருத்தம்’. பதிந்த பிறகு, மரியாதைக்காக, வேறு இருபது பிழைகளுக்கும் நன்றி எழுதிவிட்டேன். எதையும் நான் மறைக்கவில்லை. தேடுகிறவர்களுக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.