கொக்கிக்கு நாலு போல்ட்

போல்ட் முறுக்கறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லீங்க. எந்த எடத்துல நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும், அவ்வளவுதான். என் பேரு அர்த்தநாரி. மேட்டூர் அணை வேலையில ஆறு வருசமா லாரி பிட்டரு. நான் மாட்டின எதுவும் இந்தச் சித்திரை வரைக்கும் கழண்டதில்லீங்க.

என் ஊட்டுக்காரி கந்தம்மாள் கல்லுக்குழியில கூடை சுமந்தா. போன ஆவணியில அவளை விரியன் கடிச்சுது. ஆசுபத்திரி மூணு மைல். காலி லாரி ஒண்ணு பக்கத்துலயே நின்னுது. மேஸ்திரி சண்முகவேல் கால்ல விழுந்து கேட்டேனுங்க.

"லாரி கல்லுச் சுமக்க வந்தது அர்த்தநாரி, பொணம் சுமக்க இல்ல"ன்னாரு.

அப்ப அவளுக்கு உசுரு இருந்துது. அவரு சொன்னது அவ காதுல விழுந்துது. மாட்டுவண்டி பாதி வழி போறதுக்குள்ள முடிஞ்சுதுங்க. அவளோட கூடை சுமக்கற ராமாயிதான் வண்டியில கூட வந்து அவ கண்ணை மூடிவிட்டா.

மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். மேஸ்திரியைப் பார்த்தாக் கும்பிடுவேன். எட்டு மாசம் கும்பிட்டேனுங்க. கும்பிட்டு நிமிர்றப்ப எல்லாம் இவரு எப்படிச் சாகணும்னு ஒண்ணு தோணும். எதுவும் போதும்னு படலை.

சித்திரையில, லாரியையும் பின்வண்டியையும் சேர்க்கற கொக்கி விரிசல் விட்டுது. கழட்டிப் பத்தவெச்சுத் திரும்ப மாட்டற வேலை எனக்கு வந்துது. கொக்கியை லாரிச் சட்டத்தோட பிடிக்கறது நாலு போல்ட். வாஷர் போட்டு, ஸ்பேனர் இனி நகராதுங்கற வரைக்கும் இழுக்கணும். நான் வாஷர் போடலை. நட்டை விரலால ரெண்டு மரை மட்டும் ஏத்தி, மேல கிரீஸை அப்பிவிட்டேன்.

"நல்லா முறுக்கியாச்சா?"ன்னு மேஸ்திரியே வந்து கேட்டாரு.

"ஆச்சுங்க"ன்னேன்.

அவருக்கு ஒரு பழக்கம். மத்தியானம் சாப்பிட்டுட்டு சைக்கிள்ல வருவாரு. கல்லேத்தின பின்வண்டி மேட்டுல ஏறறப்ப, அதுக்குப் பின்னால தொங்கற சங்கிலியை ஒரு கையில பிடிச்சுக்குவாரு. மிதிக்காமயே மேல போயிடலாம் பாருங்க. கொக்கி மாட்டினதுக்கப்புறம் முதல் நடை அவரு வர்ற நேரத்துக்குத்தான் கிளம்புச்சு.

அப்பத்தான் ராமாயியும் இன்னும் ரெண்டு பொம்பளைகளும் வந்தாங்க.

"ஏனுங்கண்ணா, வெயிலு கொளுத்துது. கல்லு மேல ஏறிக்கட்டுங்களா?"ன்னு ராமாயி கேட்டா.

வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. மேஸ்திரி வேற சைக்கிளோட பக்கத்துல நிக்கறாரு. மூணு பேரையும் கை கொடுத்து ஏத்திவிட்டேனுங்க.

"கல்லு சுடும் சாமி, இதை விரிச்சு உக்காரு"ன்னு ராமாயிகிட்ட ஒரு சாக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

பாதி மேட்டுல கழண்டுது. லாரி மேல போச்சு, பின்வண்டி கீழ வந்துது. மேஸ்திரிக்குச் சங்கிலியை விடறதுக்குக்கூட நேரம் கெடைக்கலை. வண்டி அவரு மேலயே ஏறி, அவரையும் இழுத்துக்கிட்டு, கரையைத் தாண்டி, கல்லுக்குழிக்குள்ள கவுந்துது. நாலு பொணத்தையும் வெளிய எடுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. நானும் கல்லுப் பொறட்டினேனுங்க.

பிட்டரு கவனக்குறைவா மாட்டிட்டான்னு போலீசு ஸ்டேசன்ல நீங்க எழுதியிருக்கறதாச் சொன்னாங்க. அதுக்குத்தான் நானா இங்க வந்தேன். கவனக்குறைவு இல்லீங்க ஐயா. அந்த நாலு நட்டு அளவுக்குக் கவனமா நான் எதையும் மாட்டினதில்லை. சண்முகவேலை நான்தான் கொன்னேன். அப்படியே எழுதிக்குங்க.

அந்த மூணு பொம்பளைகளை மட்டும் இதுல சேர்த்துடாதீங்க. அவங்க தானா ஏறினவங்க.