வாசல்சாமி வழிவிடவில்லை

— நில்லுடா. செத்தவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது.

— பெருசு, கண்ணுல பூச்சு உதிர்ந்துபோச்சா? நான் சின்ஹோக். இந்த வீட்டுக்காரன். சண்டையிலேர்ந்து வர்றேன்.

— கதவுல வரைஞ்ச சாமிக்குக் கண்ணு உதிர்ந்தாலும் மூக்கு இருக்கு. மூணு வருஷமா உள்ள உன் பொண்டாட்டி உனக்கு ஊதுபத்தி, சோறு வெக்கிறா. உன் எலும்புப் பெட்டிக்கு நான்தான் வழிவிட்டேன்.

— அது நான் இல்ல. தொட்டுப் பாரு, கை சுடுதில்ல?

— சுடுது. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. செத்தவன்னு உனக்கு வெச்ச படையல் பலகைய உடைக்கச் சொல்லு, விடுறேன்.

— உடைக்க வேணாம்.

— படகுத்துறையில எத்தன மண்டைய உடைச்ச ரவுடி நீ. ஒரு பலகைக்கா யோசிக்கிற?

— உடைச்சா அந்த எலும்புக்காரன் பட்டினி கிடப்பான். அவனுக்கு வேற நாதி இல்ல.

— யாரு அவன்?

— வடக்குத்துறை லியாம்.

— உன்னக் கொல்ல வந்து இந்தக் கதவுல கோடாலி போட்டானே, அவனா? என் பாதித் தாடி போனதே அவனாலதான்.

— அவனேதான். ராஜா எங்க ரெண்டு கூட்டத்தையும் ஒரே சங்கிலியில கட்டி சண்டைக்கு ஓட்டினாரே. பனியில எனக்குக் காய்ச்சல். அவன்தான் என் சட்டைய மாட்டிக்கிட்டு எனக்குப் பதிலா காவலுக்குப் போனான். திரும்பல. சட்டையில என் பேரு இருந்துச்சு. மறுநாள் எதிரி என்னைப் பிடிச்சுச் சுரங்கத்துல போட்டுட்டான். யார்கிட்ட சொல்றது?

— அதான் அவன் எலும்பு உன் பேர்ல வந்துச்சா.

— பெக்கிம், நீ கதவுக்குப் பின்னாலதான் நிக்கிற, எனக்குத் தெரியும். நான் தெருவுலயே கிடந்துக்கிறேன். அவன் பலகைய மட்டும் தூக்கி எறிஞ்சிடாதடி.

— வாய மூடுய்யா. பெட்டி வந்த அன்னிக்கே எண்ணிப் பாத்தேன். கையில விரல் பத்தும் இருந்துச்சு. உனக்கு ஒம்பதுதானே.

— தெரிஞ்சேவா மூணு வருஷம் சோறு வெச்ச?

— யாரோ ஒருத்தன் நம்ம வீடு தேடி வந்திருக்கான். பட்டினியா போடுறது?

— அம்மா, அப்போ பலகையில யாரு பேரு இருக்கு? நான் தெருவப் பாத்து நிக்கிறவன், உள்ள பாத்ததே இல்ல.

— ஒரு பேரும் எழுதல சாமி. இந்த மனுசன் உசுரோட வந்து அவன் பேரச் சொல்லுவான்னுதான் எழுத தினம் மை அரைச்சு வெக்கிறேன்.