கதவு திறந்ததை மாமியாரிடம் சொல்லவில்லை

லிஃப்ட் செய்கிற கம்பெனியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் நான் மாடிப்படியில்தான் ஏறுவேன். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார், அதுவே பழகிவிட்டது. லிஃப்டின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் யாரோ உங்களிடம் சொன்னார்களாம். அது வீண்பேச்சு ஐயா.

நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். விபத்துக்குக் காரணம் மெக்கானிக்கின் கவனக்குறைவு, மானிட்டரின் பழுது என்று இருக்கிறது. மெக்கானிக்கை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் பாடு. ஆனால் மானிட்டர் பழுதாகவில்லை. அதைத் திருத்தத்தான் வேலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் அடிமனதுக்குக் கெர்னல் என்று பெயர். கதவு திறந்தாலும் பூட்டினாலும், மோட்டார் சுற்றினாலும், சேதி அதன் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போகிற வருகிற ஒவ்வொரு சேதியையும் ஒட்டுக்கேட்டபடி பக்கத்தில் ஒரு நிரல், அதாவது புரோகிராம், உட்கார்ந்திருக்கும். அதுதான் மானிட்டர். நாங்கள் மாமியார் என்போம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் வாயைத் திறக்காது. ஒரு தப்பு நடந்தால் வீட்டையே ஸ்தம்பிக்க வைத்துவிடும்.

எங்கள் மாமியாருக்குத் தெரிந்தது ஒரே விதி. கதவு திறந்தால், அது மறுபடி பூட்டப்படும்வரை மோட்டார் சுற்றக் கூடாது. சுற்றினால் அந்தக் கணமே லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். ஆனால் அதற்குச் சொந்தமாகக் கண் கிடையாது. கெர்னலில் எது நடந்தால் அதன் காதில் எதைப் போடுவது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து இணைத்துக் கொடுக்க வேண்டும். இணைத்துக் கொடுத்தவன் நான்.

புதுக் குடியிருப்பு ஒன்றில் எங்கள் புது லிஃப்டைப் போட்டோம். அது அடிக்கடி ஆறாவது மாடியில் நின்றுபோனது. கதவு திறந்தபடியே, செத்த மாடு மாதிரி. எங்கள் முதலாளியின் அம்மா அதே கட்டடத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறார். ஒருநாள் அவர் படியேறிப் போக வேண்டியதாயிற்று. அவர் ஏறிய எட்டு மாடியும் என் தலையில் விழுந்தது.

"இன்னொரு தடவை லிஃப்ட் நின்னா, நீங்களும் வேலையிலிருந்து நின்னுக்கலாம்" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த விதியை எழுதிய பெண்ணுக்கு அலுவலகத்தில் சந்தேகம் என்று பட்டப்பெயர். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தாலும் கையில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளும் ஜாதி. அவள் பதிவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"மாமியார் மேல தப்பு இல்ல சார். ஆறாவது மாடியில கதவு திறந்திருக்கும்போதே மோட்டார் சுத்துது. ஒரு விரற்கடைதான் நகருது. ஆனா நகருது."

நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மோட்டாரை எது கிளப்பிவிடுகிறது என்று தேட மாதக்கணக்காகும். எனக்கு இருந்ததோ ஒரு வாரம்.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்களே, அதைத்தான் செய்தேன். மாமியாரை அணைத்துவிடவில்லை, அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். ஒரே ஒரு இணைப்பை மட்டும் எடுத்தேன். கதவு திறந்தது என்ற சேதி அதன் பிறகு மாமியாரின் காதுக்குப் போகாது. மற்றபடி அது விழித்திருந்தது, மோட்டார் சுற்றுவதையெல்லாம் கவனமாகக் கேட்டது. அதைப் பொறுத்தவரை அந்தக் கதவு பிறந்ததிலிருந்து திறந்ததே இல்லை. தினமும் காலையில் 'மீறல் எதுவும் இல்லை' என்று எழுதியது. அதற்குத் தெரிந்த அளவில் அது சத்தியம்.

லிஃப்ட் நிற்கவே இல்லை. முதலாளி எல்லார் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். சந்தேகம் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"திடீர்னு எப்படி சார் சரியாச்சு?"

"மாமியாருக்கு வயசாச்சும்மா. சாந்தமாயிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள், அவளும்கூட. ஆனால் அந்தச் சனிக்கிழமையே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டாள். கதவைத் திறந்து வைத்துச் சோதிப்பதற்காக மெக்கானிக், கதவு திறந்தபடி லிஃப்ட் நகர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கதவு சுவிட்சை, குறுக்கே ஒயர் போட்டு ஏமாற்றி வைத்தார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதன்பின் அங்கே காவல் என்று மிச்சமிருந்தது மாமியார் மட்டுமே.

நான் வீட்டில் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"சார், ஆறாவது மாடியில இருக்கேன். கதவு திறந்துதான் இருக்கு. பூட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேக்குது, தலையை உள்ள நீட்டிப் பாக்கப்போறேன். மாமியார் முழிச்சிருக்காங்கல்ல?"

"முழிச்சுதான் இருக்காங்க" என்றேன்.

"அப்ப பயமில்ல சார்."

அவள் இரண்டாம் முறை கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். லிஃப்ட் இந்தத் தடவை ஒரு விரற்கடையோடு நிற்கவில்லை. போனில் மெக்கானிக் கத்துவது கேட்டது. துணி கருகிவிடுமே என்று இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பிறகு வீட்டிலிருந்தபடியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நுழைந்து, எடுத்த இணைப்பைத் திரும்பப் போட்டேன். அதனால்தான் உங்கள் நிபுணர்கள் பார்த்தபோது எல்லா இணைப்பும் ஒழுங்காக இருந்தது. கடைசியில் பழுது என்று எழுதி முடித்துவிட்டார்கள். பாவம், அவர்களுக்கும் ஏதாவது எழுத வேண்டுமே.

தலையை எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இணைப்பை எடுத்ததைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கை கொடுத்த முதலாளிக்கும்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவு திறந்திருக்கிறது என்று தெரியும், மோட்டார் சுற்றக்கூடும் என்று தெரியும், சுற்றினால் நிறுத்த ஆளில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐயா, நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அவளைப் பெற்றவர்களிடம் அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.