காத்திருக்காத பெட்டி

— இந்தப் பிள்ளையும் என் ஆன்லைன் கிளாஸை விட்டுப் போச்சு யூனிஸ். ‘டீச்சர், உங்க பியானோ விட்டு விட்டுக் கேக்குது, வேற எடம் பாத்துக்கறோம்’னு அவங்க அம்மா போனை வச்சிட்டாங்க.

— சாரி டீனா அக்கா. இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எங்க சார் பெட்டியைக் காட்ட கிளையன்ட்டைக் கூட்டிட்டு வர்றாரு.

— எங்க மாடில இந்த செல் சிக்னல் பெட்டியை வைக்கறப்ப என்னம்மா சொன்னே? வைஃபைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே.

— அப்ப உண்மையைத்தான் சொன்னேன். உங்க வைஃபைக்கும் எங்க செல் சிக்னலுக்கும் ஒரே அலைவரிசை. லைசென்ஸ் இல்லாதது, யார் வேணா பேசலாம். எங்க பெட்டி மொதல்ல காது குடுத்துக் கேக்கும். உங்க வைஃபை பேசிட்டிருந்தா காத்திருக்கும்.

— இப்ப?

— சார் அந்தக் காத்திருக்கறதை ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. காத்திருந்தா வீடியோ நின்னுடுமாம்.

— உங்க சினிமா நிக்கக் கூடாது. என் கிளாஸ் நின்னா பரவால்ல. அப்படித்தானே?

— வேணாம்னு சாருக்கு மெயில் போட்டேன்க்கா.

— வாயைத் தொறந்து சொன்னியா?

— இல்ல.

— சர்ச் கொயர்லயும் இதே கதைதான். பக்கத்துல நின்னாலும் நீ பாடறது கேக்காது.

— கிளையன்ட்டுக்குப் பிடிச்சாத்தான் என் வேலை பர்மனென்ட் ஆகும். கிளையன்ட்டுக்குக் காட்டப் போற இந்த போனைப் பாருங்க, பெட்டி சிக்னல்ல வீடியோ எவ்ளோ நல்லா ஓடுது. ஒரு வாரமா நிக்கவே இல்ல.

— ஓடட்டும் ஓடட்டும்.

— கோவமா?

— எனக்கென்ன கோவம். கிளாஸே இல்ல, வைஃபை எதுக்குன்னு பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் மேல வந்தேன்.

— எப்ப?

— இப்பத்தான். ஏன், என்ன ஆச்சு? அய்யோ, படம் நின்னுபோச்சே. சுத்திக்கிட்டே இருக்கு.

— இருங்க, போன்ல செட்டிங்ஸைப் பாக்கறேன்.

— பெட்டில பச்சை லைட் எரியுதேம்மா?

— பெட்டி ஓடுது. போன்தான் அதுல ஒட்டவே இல்ல. மொத நாள் ஆப் இறக்க உங்க பாஸ்வேர்டு கேட்டேன்ல? அப்புறம் போன்லேர்ந்து உங்க வைஃபையை எடுக்க மறந்துட்டேன்.

— கர்த்தரே! ஒரு வாரமா என் வைஃபைலயா படம் பாத்தே? அப்ப என் கிளாஸ் மட்டும் ஏன் நின்னுச்சு?

— படம் முன்னாடியே கொஞ்சம் இறக்கி வச்சுக்கும்க்கா. நேர்ல நடத்துற பாடம் அப்படி முடியாது.

— அப்ப உன் பெட்டி செஞ்ச ஒரே வேலை, என்னைப் பேச விடாம கத்தினதுதான்.

— மெதுவாப் பேசுங்க. சார் படி ஏறி வர்றாரு. கிளையன்ட்டும் கூட வர்றாங்க.

— வரட்டும். இப்பவாவது வாயைத் தொறந்து சொல்லு.

— அக்கா.

— சொல்லும்மா.

— அந்தப் பிளக்கைக் கொஞ்சம் மாட்டிட்டு வர்றீங்களா?